குழந்தையின் குரலை வெட்டாதீர்கள்!

ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. தப்பு செய்தது வேறு யாருமில்லை, நான்தான்!

நான் பள்ளிக்கூட டீச்சர். திருச்செந்தூர் பக்கத்தில், பனங்காட்டுக்கு நடுவே ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மொத்தம் 28 பிள்ளைகள். அதில் ஒரு பையன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

அவனுக்குத் திக்குவாய். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மற்ற பிள்ளைகள் சத்தமாக 'பிரசென்ட் டீச்சர்' சொல்வார்கள். இவன் கையை மட்டும் தூக்குவான். பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகம் கொண்டு வரவில்லை என்று தலையை ஆட்டிவிடுவான். புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும். வாசித்து, பிள்ளைகளிடம் சிரிப்பு வாங்குவதைவிட டீச்சரிடம் திட்டு வாங்குவது அவனுக்குத் தேவலை!

இப்படிப்பட்ட பையனைப் பேச வைத்தது ஒரு செல்போன். பேசியவனை மறுபடி ஊமையாக்கியதும் அதே செல்போன்தான். இரண்டுமே என் கையால் நடந்தது.

கருப்பட்டிக் கதை

இப்போது பள்ளிக்கூடங்களில் 'டிஜிட்டல் கதைசொல்லல்' என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விஷயம் ரொம்பச் சுலபம். ஒரு குழந்தை தான் பார்த்ததை, தனக்குத் தெரிந்ததைச் சின்னக் கதையாக எழுதுகிறது. அதைத் தன் குரலிலேயே சொல்லி போனில் பதிவு செய்கிறது. கூடவே நாலைந்து போட்டோவோ, கையால் வரைந்த படமோ சேர்க்கிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று நிமிஷம். அவ்வளவுதான்.

கலவைகளைப் பிரிக்கும் முறைகள் பற்றிய பாடம் வந்தபோது இதைச் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. "உங்க வீட்ல எதிலேர்ந்து எதைப் பிரிக்கிறீங்க? யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்றேன்.

ஒரு பெண் அரிசி புடைப்பதை எழுதி வந்தாள். இன்னொருத்தி டீ வடிகட்டுவதை. நம்ம பையன் எழுதி வந்தது கருப்பட்டி.

அவன் தாத்தா பனையேறி. விடிவதற்கு முன்னால் எழுந்து, அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் ஏறுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். இறக்கிய பதநீரை ஆச்சி விடிலியில் வைத்துக் காய்ச்சுவாள். மணிக்கணக்கில் அடுப்பு எரியும். தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போகும். பதம் வந்துவிட்டதா என்று தெரிய, பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். உருண்டு திரண்டால் சரி. உடனே சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பாள். எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டிதான் தேறும். மிச்சமெல்லாம் ஆவி!

ஒரு பக்கத்தில் இத்தனையும் எழுதியிருந்தான். அதன் கடைசியில், 'பாடத்தில் வரும் ஆவியாதல் எங்க விடிலியில் தினமும் நடக்கிறது' என்று ஒரு வரி. பதினைந்து வருஷமாக நான் நடத்துகிற பாடத்தை இவ்வளவு கச்சிதமாக நானே சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாத வேப்பமரத்தடியில் உட்கார்த்தி வைத்துப் பதிவு செய்தேன். சொல்லி முடிக்க 2 நிமிஷம் 50 விநாடி ஆனது. சில இடங்களில் வார்த்தை சிக்கிக்கொண்டு நின்றது. 'ப... ப... பதநீர்' என்று திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் விடவில்லை. முழுசாகச் சொல்லி முடித்தான். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் ஒரு சிரிப்பு!

நான் செய்த தப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை பூராவும் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். வெட்டி ஒட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அவன் திக்கிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தேன். 2 நிமிஷம் 50 விநாடி 1 நிமிஷம் 40 விநாடி ஆனது. கேட்டால் வானொலி அறிவிப்பாளர் மாதிரி இருந்தது. அவனுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் போட்டேன். பிள்ளைகள் ஆரவாரமாகக் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் பாராட்டினார். அந்தப் பெருமையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பி வைத்தேன். அவன் மட்டும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் நானே விடிலிக்குப் போனேன்.

"வாங்க டீச்சரம்மா" என்று ஆச்சி எழுந்து வந்தாள். "பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். யாரும் அடிச்சிட்டாவளோ?"

"இல்ல ஆச்சி. இவன் சொன்ன கதைக்கு எல்லாரும் கை தட்டினாங்க."

அடுப்புக்குப் பின்னால் இருந்து அவன் குரல் வந்தது. "அ... அ... அது நான் இல்ல டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "இ... இனி நான் வாயத் தொறந்தா, வீ... வீடியோவுல நல்லாத்தானல பேசுன, இப்ப என்னன்னு கேப்பானுவ."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அவனுடைய திக்குவாயை வெட்டவில்லை. அவனையே வெட்டிவிட்டு, இல்லாத ஒரு பையனைச் செய்து வகுப்பில் நிறுத்தியிருக்கிறேன். நீ இருக்கிறபடி இருந்தால் கை தட்ட மாட்டோம் என்று 27 பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறேன்!

கம்ப்யூட்டர் முக்கியமில்லை, காதுதான் முக்கியம்

வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த டிஜிட்டல் கதைசொல்லல் எங்கே, எப்படி ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

இது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்தது. டேனா ஆட்ச்லி என்கிற மேடைக் கலைஞரும் ஜோ லாம்பர்ட் என்பவரும் 1993-ல் சாதாரண ஜனங்களை உட்கார வைத்து முதல் பயிற்சி வகுப்புகளை நடத்தினார்கள். 1994-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மையம் தொடங்கினார்கள். அது 1998-ல் பெர்க்லி நகருக்கு மாறியது. இன்றைக்கு 'ஸ்டோரி சென்டர்' என்ற பெயரில் இருக்கிறது.

அவர்கள் முறையில் முதல் வேலை கம்ப்யூட்டரைத் திறப்பது அல்ல. எல்லோரும் வட்டமாக உட்கார்வது. அதற்குக் 'கதை வட்டம்' என்று பெயர். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். சொல்ல வேண்டியது என்ன என்பது அங்கேதான் தெளியும். அதற்குப் பிறகுதான் எழுத்து, குரல், படம் எல்லாம். கதை சொல்கிறவரின் சொந்தக் குரல் என்பதுதான் இதற்கு அஸ்திவாரம்.

இங்கிலாந்தில் 2003-ல் 'பேஷண்ட் வாய்சஸ்' என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள். நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தங்கள் அனுபவத்தை இதே மாதிரி இரண்டு, மூன்று நிமிஷக் கதைகளாகச் செய்தார்கள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பாடம் நடத்த அவை பயன்படுகின்றன. நோயைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த நோயோடு வாழ்கிறவர் தன் வாயாலேயே சொல்வதைக் கேட்பது வேறு, இல்லையா? ஒரு நோயாளியின் இருமலை வெட்டி எடுத்துவிட்டு அவர் கதையை டாக்டருக்குப் போட்டுக் காட்டினால் என்ன பிரயோஜனம்? நான் செய்தது அதைத்தான்.

திக்குவாய் பற்றி ஒரு வார்த்தை

இது உடல்நலப் பத்திரிகை என்பதால், இதைச் சொல்லாமல் போனால் கட்டுரை முழுமையாகாது.

திக்குவாய் பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தலைகாட்டும். ஏறக்குறைய நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு நீடிக்கிறது. ஆண்களுக்குத்தான் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வர வாய்ப்பு கூடும்.

பயத்தால் வருவதில்லை. அறிவுக் குறைவும் இல்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேலையில் உள்ள ஒரு வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் கேலியும் அவசரப்படுத்துவதும் அதை மோசமாக்கும். இன்னொரு அதிசயம். பாட்டுப் பாடும்போதும், எல்லோருடனும் சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலானவர்களுக்குத் திக்காது!

"மெதுவா சொல்லு", "மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு" என்று நாம் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்கிற குழந்தைக்கோ, 'நீ பேசுவது தப்பு' என்றுதான் காதில் விழுகிறது. அவன் திக்கும்போது வார்த்தையை நாம் எடுத்துக் கொடுப்பதும் தப்பு. அவன் கண்ணைப் பார்த்து, சொல்லி முடிக்கிறவரை பொறுமையாக இருப்பதுதான் உதவி. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசுவதையே தவிர்த்தாலோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சீக்கிரம் போவது நல்லது.

போனைக் கையில் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா என்னிடம் கோபமாகவே கேட்டார். "வீட்லதான் எந்நேரமும் போன்ல கிடக்கான். பள்ளிக்கூடத்துலயும் அதேவா டீச்சர்?"

அவர் கேட்டது நியாயம். இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது தெரியுமா? இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்திலிருந்து பத்து வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலான வயதில் படிப்பு, தூக்கம், விளையாட்டு கெடாத அளவுக்குத்தான். பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடியாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருகிற வாய்ப்பும் குறைகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு, அதில் ஒன்றைச் செய்வது வேறு. நம் மாநிலத்தில் 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு அச்சிட்டு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. எல்லாமே நல்ல விஷயங்கள்தான். ஆனால் அதில் பிள்ளைக்கு என்ன வேலை? பார்ப்பது. வேறு யாரோ தயாரித்ததைப் பார்ப்பது. ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுகிற டீச்சர் கதை சொல்லவில்லை. பிள்ளைகளைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவே. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

குழந்தையே கதை செய்யும்போது கணக்கு மாறுகிறது. எங்கள் வகுப்புக் கணக்கைச் சொல்கிறேன். இருப்பது ஒரே போன். 28 பேரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் பதிவு செய்தால் 280 நிமிஷம். அதாவது 40 நிமிஷப் பீரியட் ஏழு! நடக்கிற காரியமா? அதனால் அடுத்த முறை நாலு நாலு பேராக ஏழு குழு பிரித்தேன். முதல் பீரியட் கதை வட்டம். இரண்டாவது பீரியட் எழுதுவது. மூன்றாவது, படம் வரைவது. பதிவுக்கு ஏழு குழுவுக்கும் சேர்த்து 70 நிமிஷம், இரண்டு பீரியடில் முடிந்தது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு பீரியட். ஆறு பீரியடில் ஒரு பிள்ளை திரை முன்னால் இருந்தது மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் பேச்சு, எழுத்து, கேட்பது, வரைவது. அந்த அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

இன்னொரு லாபம். தன் குரலைப் போனில் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி கத்துவார்கள், "அய்யே, இது என் குரலா!" நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போகிறது. அதனால் நமக்குக் கனமாகக் கேட்கும். போனில் காற்று வழி வந்தது மட்டும்தான் பதிவாகும். காது பற்றிய பாடம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது!

அலங்காரம் கூடினால் பாடம் போச்சு

இரண்டாம் சுற்றில் ஒரு குழு ஜீரணம் பற்றிக் கதை செய்தது. கதை முழுக்கப் பின்னணியில் ஒரு சினிமா மியூசிக். எழுத்துகள் பறந்து பறந்து வந்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! முடிந்ததும் "இரைப்பையில என்ன நடக்குது?" என்று கேட்டேன். பதில் இல்லை. "அது எந்தப் படத்து மியூசிக்?" என்றால் வகுப்பே பதில் சொல்லியிருக்கும்.

இதைப் பற்றி அமெரிக்க உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். வெறும் வார்த்தையைவிட, வார்த்தையும் படமும் சேர்ந்தால் நன்றாக மனதில் பதிகிறது என்கிறார். அதே சமயம், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசையும் அலங்காரமும் சேர்த்தால் கற்பது குறைகிறது. வாயால் சொல்வதையே எழுத்திலும் முழுசாக ஓடவிட்டாலும் குழப்பம்தான். மனசு ஒரே நேரத்தில் தாங்குவதற்கு ஒரு அளவு இருக்கிறது அல்லவா?

அதனால் இப்போது எங்கள் வகுப்பில் சட்டம் சுலபமானது. பின்னணி இசை கிடையாது. படம் பத்துக்கு மேல் கூடாது. கதை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. குரல் தெளிவாகக் கேட்டால் போதும்.

கதை யாருக்குச் சொந்தம்?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயத்திலேயே முக்கியமானது.

குழந்தை செய்த கதை குழந்தைக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமில்லை, டீச்சருக்கும் இல்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்குக் காட்டவோ, ஆண்டு விழாவில் போடவோ, வாட்ஸ்அப்பில் பெருமை பேசவோ நமக்கு உரிமை கிடையாது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது முடியாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் சம்பந்தப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் முகமும் குரலும் ஊரெல்லாம் சுற்றினால், திரும்பப் பிடித்து வர முடியாது.

நான் பட்டுவிட்டேன். விடிலியிலிருந்து வந்த அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்த வீடியோவை நீக்கினேன். எல்லோரிடமும் அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்குள் இரண்டு பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அது இன்னும் யார் போனில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அதனால் இப்போது மூன்று முறை கேட்கிறேன். பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு முறை. முடித்ததைத் தனியாகக் காட்டிவிட்டு, "இது சரியா? எதையாவது எடுக்கணுமா?" என்று ஒரு முறை. வகுப்பில் போடுவதற்கு முன்னால் இன்னொரு முறை. வெளியே போகிறதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம். நடுவில் எந்த இடத்தில் குழந்தை 'வேண்டாம்' என்றாலும் வேண்டாம்தான். மார்க் குறைக்க மாட்டேன்.

டீச்சர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கதை வட்டத்தில் பிள்ளைகள் மனசு திறந்துவிடும். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பது வரும். யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டது வரும். அப்படி ஒன்று வந்தால் அது பாடமும் இல்லை, வீடியோவும் இல்லை. அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். நான் இருக்கிறேன் என்று தைரியம் சொல்லுங்கள். 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, கேட்காமலே இருப்பதைவிடப் பெரிய பாவம்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

விடிலியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆச்சி பதறிப் போனாள். "டீச்சரு போயி புள்ளைட்ட மன்னிப்பு கேக்குறதா!" என்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

அவன் பேசிய முழுப் பதிவு என்னிடம் இருந்தது. "உன் கதையை அப்படியே போடலாம். இல்லேன்னா எழுதினதை வேற யாராவது வாசிக்கட்டும். இல்லே, எதுவுமே வேண்டாம். நீ சொல்றதுதான்" என்றேன். இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வந்து, "அ... அப்படியே போடுங்க. நா... நான் வெளிய நிக்கேன்" என்றான்.

அவன் வராண்டாவில் நிற்க, உள்ளே 2 நிமிஷம் 50 விநாடியும் ஓடியது. தொடங்குவதற்கு முன்னால் திக்குவாய் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தேன். முதல் 'ப... ப...' வந்தபோது பின் பெஞ்சில் ஒருவன் லேசாகச் சிரித்தான். பக்கத்துப் பையன் அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் சத்தமே இல்லை.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கலயத்துல எதுக்கு சுண்ணாம்பு தடவணும்?"

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவன் வெளிய நிக்கான், அவனைக் கேளுங்க" என்றேன். இரண்டு பேர் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று அவன் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிஷம் ஆனது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பதநீரில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது, சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த ஈஸ்டை வளரவிடாமல் தடுக்கிறது என்று மீதியை நான் சேர்த்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வியை வேண்டுமென்றே வைத்தேன். ஒருத்தர் தவறாமல் எல்லோரும் எழுதியிருந்தார்கள்!

அவனுக்குத் திக்குவாய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. கதை சொன்னால் திக்குவாய் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆச்சி அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்ப் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறாள். மாதம் இரண்டு முறை போகிறான். முன்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இப்போது அட்டெண்டன்ஸில் கையைத் தூக்குவதில்லை. 'பி... பிரசென்ட் டீச்சர்' என்கிறான். நான் அடுத்த பெயருக்குப் போகாமல், அவன் சொல்லி முடிக்கிறவரை காத்திருக்கிறேன்.

பெற்றோர்களே, நீங்கள் இதற்குப் பள்ளிக்கூடத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன பார்த்தே, சொல்லு" என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். போன் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் காதைக் கொடுங்கள்!